ஏற்றாமல் வைத்திருந்த மூன்று ஆஸ்

நான் ஒருநாளும் காசு வைத்துச் சீட்டாடியவன் இல்லை, சார். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. அகரத்தில் என் தென்னந்தோப்பு மோட்டார் ரூமில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேர் உட்காருவோம். பந்தயம் புளியங்கொட்டை. ஆளுக்கு ஒரு டம்ளர் கொட்டை, ஆட்டம் முடிந்ததும் அவ்வளவும் டப்பாவுக்குத் திரும்பிவிடும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மூன்று பேர் என்றால் நான், தோட்டத்தில் சம்பங்கிப் பூ போடுகிற கண்ணுசாமி, மோட்டார் ரிப்பேர் பார்க்கிற அஸ்பாக். போக்கர் ஆட்டத்தை போனில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அஸ்பாக்தான். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று திறப்போம், பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. எல்லாம் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவர் ஜெயித்தார். ஒவ்வொரு தடவையும் கொட்டையை ஏற்றலாம். ஏற்றினால் எதிராளி ஈடு கட்ட வேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட வேண்டும். ஏற்றாமல் 'செக்' என்று தட்டிவிட்டால் அடுத்த சீட்டு ஓசி. ரொம்ப அருமையான ஆட்டம், சார். நீங்களும் ஆடிப் பாருங்கள்.

என்னுடைய கஷ்டம் என்னவென்றால், நல்ல கை வந்தால் எனக்குச் சந்தோஷத்தை அடக்கத் தெரியாது. "மாப்ளைக்குக் காது செவந்துருச்சு, சீட்டைப் போட்ருப்பா" என்பான் கண்ணுசாமி. இரண்டு பேரும் போட்டுவிடுவார்கள். ராஜா ராணியோடு நான் மட்டும் பெப்பே என்று உட்கார்ந்திருப்பேன். நல்ல கை வைத்து நான் ஒருநாள்கூட ஒரு டம்ளர் கொட்டையை முழுதாக அள்ளியதில்லை. அந்த ஏக்கம் ஆடுகிறவனுக்குத்தான் புரியும்.

அன்றைக்கு எனக்கு இரண்டு ஆஸ் விழுந்தது. நடுவில் மூன்றைத் திறந்தேன். இஸ்பேட் ஆஸ், இஸ்பேட் ஏழு, டைமன் மூன்று. ஆக, என்னிடம் மூன்று ஆஸ்! வயிற்றுக்குள் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி இருந்தது. காது கண்டிப்பாகச் சிவந்திருக்கும். ஆனால் கண்ணுசாமி என் காதைப் பார்க்கவில்லை. அவன் துண்டால் தன் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடது கையை நீவிவிட்டுக்கொண்டான். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோதும் அச்சு அசல் இதேதான். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அஸ்பாக் முன்னாலேயே சீட்டைப் போட்டிருந்தான். "கண்ணுசாமிண்ணே, ஒரு மாதிரி இருக்கீக. வண்டில ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றான்.

கண்ணுசாமி தன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாப்ளே, நீ ஏத்து. ஏத்துனீன்னா சீட்டைப் போட்டுட்டு இவன்கூடப் போறேன்."

ஒரே ஒரு கொட்டை வைத்திருந்தால் போதும், போயிருப்பான். என் மூன்று ஆஸும் வீணாய்ப் போயிருக்கும். நான் பாயைத் தட்டி "செக்" என்றேன்.

"அடுத்த சீட்டு ஓசியா? அப்பப் பாத்துட்டுத்தேன் வாரேன்" என்று உட்கார்ந்துவிட்டான். பார்த்தீர்களா, அவனாகவே உட்கார்ந்தான். நான் அஸ்பாக்கிடம், "வாயுத் தொல்லைதேன்யா. தாடிக்கொம்புல போயி ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றேன். இருந்த ஒரு வண்டியும் அவனோடு போனது. கதவு திறந்தேதான் கிடந்தது. யாரையும் நான் கட்டிப்போடவில்லை.

அப்போது கண்ணுசாமியின் போன் அடித்தது. அவன் கை தூக்க முடியாமல் இருந்ததால் நான் எடுத்தேன். அவன் மனைவி சொர்ணலட்சுமி.

"அண்ணே, அவுக எங்க? காலையிலயே நெஞ்சு கரிக்குதுன்னாக. ஆட்டோ புடிச்சு வாரேன்."

"இப்பத்தேன் நல்லா ஏப்பம் விட்டாப்ல, தங்கச்சி. சிரிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காப்ல. நீ அடுப்புல வெஞ்சனத்தைப் பாரு."

சிரித்துக்கொண்டிருந்தது நான்தான். உதட்டைக் கடித்துக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தேன். நான்காவது சீட்டைத் திறந்தேன், டைமன் பத்து. மறுபடியும் "செக்". கடைசிச் சீட்டில் அவன் தெம்பாகி டம்ளரோடு உள்ளே தள்ளுவான், நான் பூப்போல மூன்று ஆஸையும் விரிப்பேன் என்பது என் கணக்கு. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? கல்யாணத்தன்று கூட அப்படி இருந்ததில்லை.

அவன் மெல்லத் தேங்காய் மட்டைக் குவியலில் சாய்ந்தான். கண் செருகிவிட்டது. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. அந்த நிலையிலும் சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். நல்ல ஆட்டக்காரன், அதை மறுக்க மாட்டேன்.

ஐந்தாவது சீட்டைத் திறந்தேன். இஸ்பேட் நாலு. "ஏத்துறியா, மாப்ளே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்டேன். அப்புறம் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சீட்டைப் பார்த்தேன். இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒன்பது. நடுவில் கிடந்த மூன்றோடு சேர்த்து ஐந்தும் இஸ்பேட். அதற்கு முன்னால் மூன்று ஆஸ் செல்லாது, சார்.

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். முதல் மூன்று சீட்டிலேயே ஏற்றியிருக்க வேண்டும். நல்ல கையைப் பொத்திப் பொத்தி வைத்தால் எதிராளிக்கு ஓசியிலேயே எல்லாம் வந்து சேர்ந்துவிடும். இனி ஆடுகிறவர்களுக்காவது இது பாடமாக இருக்கட்டும்.

அவன் சீட்டையும் என் சீட்டையும் கட்டோடு சேர்த்து நன்றாகக் கலைத்தேன். அதற்குப் பிறகு 108-க்கு போன் செய்தேன். அப்போதும் அவனுக்கு மூச்சு இருந்தது. வண்டி வந்தபோது இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது தெரியும், முதல் 'செக்' சொன்னபோதே தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் அஸ்பாக் தேம்பித் தேம்பி அழுதான். மனது கொஞ்சம் ஆறினதும், "கடைசிக் கைய யாருண்ணே எடுத்தா?" என்று கேட்டான். "நாந்தேன். மூணு ஆஸ்" என்றேன்.

ஆகவே கண்ணுசாமியைச் சாக விட்டது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், சார். அந்த ஐந்து இஸ்பேட் விஷயம் அஸ்பாக்குக்குத் தெரிய வேண்டாம்.