நல்ல நேரத்தில் போட்ட கையெழுத்து

அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ் ஏறிய இருவர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் லேத் பட்டறை முதலாளி. மற்றவர் அவருடைய மச்சான்.

"நல்ல நேரம் பார்த்து கையெழுத்து போட்டதுதான் மச்சான் தப்பாப்பூட்ச்சு," என்றார் முதலாளி.

"இன்னா சொல்ற?"

"லண்டன் கம்பெனி அக்ரிமென்ட்டு. ராகுகாலம் வர்றதுக்குள்ள போடணும்னு படிக்காமலே போட்டேன். தகராறு வந்தா நம்ம கோர்ட்டுக்குப் போவ முடியாது, அவன் ஊரு நடுவர் சொல்றதுதான் தீர்ப்புன்னு உள்ள கீது."

"செஞ்ச சரக்க வேணாம்னது அவன்தானே?"

"அத்த அந்த நடுவர்கிட்டதான் சொல்லணும். அதுக்குள்ள பட்டறையே பூட்டியாச்சு."

"விசாரணை எப்போ?"

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு, வீடியோல. சுத்த ராகுகாலம். நேரத்த மாத்தச் சொல்லி வக்கீல கேட்டேன். ராகுகாலம் ஆவாதுன்னா, அத்த அக்ரிமென்ட்லயே எழுதியிருக்கணுமாம்."