மாட்டேன் என்ற எட்டு போன்கள்

மாமா: ...அதெல்லாம் சரிம்மா. ஒவ்வொரு போனா கையில எடுத்து ஆப்பை ஏத்தினாத்தான் எனக்கு நிம்மதி. மெஷினை நம்பி நாற்பது போனை விட்டுட்டு...

மருமகள்: விட்டுட்டு எங்க போறேன்? இங்கேயேதானே உட்கார்ந்திருக்கேன். அந்தக் கேபிளை இப்படிக் கொடுங்க மாமா.

மாமா: ஆம்புலன்ஸ் டிரைவருங்களுக்கு இந்தப் போனை எல்லாம் வாங்கிட்டுப் போக நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்து வாசல்ல நிக்கும். இப்பவே மூணு.

மருமகள்: கையால ஏத்தினா ஒரு போனுக்கு அஞ்சு நிமிஷம். நாற்பது போனுக்கு நாளைக்குத்தான் வண்டி வரணும்.

மாமா: வாய் மட்டும் நல்லா ஓடுது. இந்தக் கம்ப்யூட்டர் ஓடுமா?

மருமகள்: ஓடும். ஆறு வரி எழுதியிருக்கேன். ஒவ்வொரு போனா கூப்பிடும், ஆம்புலன்ஸ் ஆப்பை உள்ள ஏத்தும், ஏறிடுச்சான்னு கேட்கும், அடுத்ததுக்குப் போகும். நமக்கு ஒரே வேலைதான். கேபிளை மாட்டினதும், இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமான்னு போன் கேட்கும். அனுமதின்னு அமுக்கணும்.

மாமா: அதை நான் பார்த்துக்கறேன்.

மருமகள்: உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம், நானே...

மாமா: ஏன், என் விரலுக்கு என்ன கேடு?

மருமகள்: விரலைச் சொல்லல...

மாமா: பின்ன எதைச் சொன்ன?

மருமகள்: ...ஒண்ணுமில்ல. அமுக்குங்க.

மாமா: கடை போர்டுல இருக்கறது எங்கப்பா பேரு. போன வருஷம் உன் புருஷன் ரெண்டு போன்ல ஆப்பே இல்லாம அனுப்பினான். அந்த ரெண்டு டிரைவருக்கும் கூப்பிட்டதே தெரியல. வேற வண்டி போய்ச் சேர்ந்துச்சு, ஒரு உயிர் தப்பிச்சுது. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா நானே ஏணி போட்டு ஏறி போர்டைக் கழட்டிடுவேன்.

மருமகள்: அதுக்காகத்தான் அவரை மாடியிலேயே உட்கார வச்சிருக்கீங்களா?

மாமா: இந்த ஆர்டர் பக்கம் அவன் வர வேண்டாம். ம்... மாட்டு. அமுக்கியாச்சு. அடுத்தது. அமுக்கியாச்சு.

மருமகள்: பார்த்து, மாமா...

மாமா: பார்க்காம என்ன? அடுத்தது!

மருமகள்: ...அப்பாடா. நாற்பதும் மாட்டியாச்சு. ஓட விடறேன்... ஒண்ணு, ரெண்டு, மூணு... பாருங்க, எப்படிப் போகுதுன்னு!

மாமா: கல்யாணப் பந்தி மாதிரி பரிமாறுது.

மருமகள்: சிரிக்காதீங்க, பந்தியில பாதியில நிறுத்திடப் போகுது... ஐயோ.

மாமா: என்ன ஐயோ?

மருமகள்: முப்பத்திரண்டுதான் ஏறியிருக்கு. எட்டு போன் மாட்டேங்குது. அனுமதி இல்லையாம்.

மாமா: நான் அமுக்கினேன். எட்டுலயும் அமுக்கினேன். உன் ஆறு வரியில ஒரு வரி கோணலா இருக்கும், பாரு.

மருமகள்: இருந்தா நாற்பதும்ல படுத்திருக்கும்? இருங்க... இந்த எட்டும் வேற மாடல்.

மாமா: அதனால?

மருமகள்: மத்ததுல அனுமதி வலது பக்கம் இருக்கு. இதுல இடது பக்கம். வலது பக்கம் இருக்கறது வேண்டாம்ங்கற பட்டன். இடத்தை வச்சு அமுக்கினீங்களா, மாமா?

மாமா: எனக்கென்ன படிக்கத் தெரியாதா? வேகத்துல ஒண்ணு ரெண்டு தவறியிருக்கும்.

மருமகள்: எட்டும் தவறியிருக்கு. சரி, விடுங்க. கழட்டி மாட்டினா மறுபடி கேட்கும். நான் அமுக்கிக்கறேன்.

மாமா: மணி?

மருமகள்: மூணே முக்கால். பயப்படாதீங்க.

மாமா: பயமா? எனக்கா? நீ அதை முடி. நான் அதுக்குள்ள ஏறினதை எல்லாம் ஒரு தடவை பார்த்துடறேன். என் கண்ணால பார்க்காம எதுவும் இந்த வாசல் தாண்டாது.

மருமகள்: கம்ப்யூட்டரே எல்லாத்தையும் கேட்டு, பட்டியல் கொடுக்குமே...

மாமா: பட்டியல்ல கையெழுத்துப் போடறது கம்ப்யூட்டரா, நானா? ம்... இதுல இருக்கு. இதுலயும் இருக்கு. இது... இருக்கு, சரியா இருக்கு.

மருமகள்: மாமா...

மாமா: தொந்தரவு பண்ணாத. இருக்குன்னு சொல்றேன்ல.

மருமகள்: அது என் போன், மாமா. கீழ வச்சிடுங்க. பரவாயில்ல.

மாமா: கறுப்பா இருந்துச்சு... எல்லாம் ஒரே மாதிரிதானே...

மருமகள்: பரவாயில்லன்னு சொன்னேனே. முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாற்பது. நாற்பதும் ஏறிடுச்சு, மாமா! வண்டி சத்தமும் கேட்குது. பட்டியல் வருது, கையெழுத்துப் போடுங்க.

மாமா: நீ போடு.

மருமகள்: நானா? இத்தனை வருஷமா இந்தக் கடையில உங்க கையெழுத்துதானே...

மாமா: நாற்பதையும் பார்த்தது நீதான். பார்த்தவங்கதான் போடணும். போடும்மா. பேரை முழுசா எழுது.

மருமகள்: ...போட்டுட்டேன்.

மாமா: இப்ப மாடியில இருக்கறவனைக் கீழ கூப்பிடு.

மருமகள்: திட்டறதுக்கா?

மாமா: இல்ல. அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முதல்ல உன்கிட்டயே சொல்லிடறேன், இல்லேன்னா வாய் வராது. போன வருஷம் விட்டுப்போன அந்த ரெண்டு போன்... அவன் ஏத்தினது இல்ல. நான் ஏத்தினது. என் கண்ணுக்கு எழுத்து சரியாத் தெரியாம ரெண்டு வருஷமாச்சும்மா.

மருமகள்: அவருக்கு அன்னைக்கே தெரியும், மாமா. அந்த ரெண்டு போன்லயும் நம்பர் சீட்டு, நீங்க ஒட்டற மாதிரியே கோணலா ஒட்டியிருந்துச்சாம். 'எங்கப்பா தப்புப் பண்ணினார்னு ஊர் சொல்றதைவிட, நான் பண்ணினேன்னே இருந்துட்டுப் போகட்டும்'னு சொல்லி, என் வாயையும் சேர்த்துக் கட்டிட்டார்.