அறுந்த செம்புக் கம்பி

பிறெடி: என்ட சேர்ட்டை ஏன் அயன் பண்ணுறாய்? எனக்கு இண்டைக்கு லீவுதானே.

ரொஷேல்: அயன் சூடா இருக்கு. என்ட யூனிபோமோட சேர்த்து...

பிறெடி: யூனிபோமா? ரெண்டு மணி விசாரணைக்கு யூனிபோமிலயா போகப்போறாய்?

ரொஷேல்: பைலட் பிறகு எதில போறது? கூறைச் சாறியிலயா?

பிறெடி: பகிடி விடாத. உன்னைப் பிளேன் ஓட்ட வேண்டாம் எண்டு நிப்பாட்டி வச்சிருக்கிறாங்க.

ரொஷேல்: ஓட்டத்தான் வேண்டாமாம். உடுக்க வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

பிறெடி: காலமை அந்தோனியார் கோயிலுக்குப் போயிட்டு வந்தும் பிடிவாதம் குறையேல்லயே!

ரொஷேல்: கூடிட்டுது.

பிறெடி: சரி... அந்தக் கடிதத்தில சைன் வை. கொம்பனி டிரெக்டர் மூண்டு தரம் கோல் எடுத்திட்டார்.

ரொஷேல்: வாசிச்சீங்களா அதை? எஞ்சின் பவர் குறைஞ்ச உடன நான் பதறிட்டனாம். எமர்ஜென்சி லீவரைத் தொடவேயில்லயாம். நான் பதறினனானா?

பிறெடி: ஆறு மாசம் லைசன்ஸை நிப்பாட்டுவாங்க. பிறகு...

ரொஷேல்: பதறினனானா, பிறெடி?

பிறெடி: ...இல்ல.

ரொஷேல்: இருக்கிறதே ஒரு எஞ்சின். புத்தளம் கடலேரிக்கு மேல அது சோர்ந்து போகுது. எனக்குப் பின்னால ஒன்பது சனம். லீவரைத் தள்ளினன், கொஞ்சம் பவர் வந்தது. அந்தக் கொஞ்சத்தாலதான் உப்பளம் வரைக்கும் வந்து இறங்கினம். தள்ளாட்டி எல்லாரும் தண்ணிக்குள்ள.

பிறெடி: எனக்கு விளங்குது. ஆனா லீவரில கட்டியிருக்கிற செம்புக் கம்பி முழுசா இருக்கே. தள்ளியிருந்தா அது அறுந்திருக்கும். அவங்க அதைத்தான் பார்ப்பாங்க.

ரொஷேல்: அறுந்தது. டிக் எண்டு என்ட கைக்குத் தெரிஞ்சது.

பிறெடி: கை சாட்சி சொல்லாதும்மா.

ரொஷேல்: போன் சொல்லும்.

பிறெடி: என்ன?

ரொஷேல்: சனத்தை இறக்கிவிட்டிட்டு, திரும்ப உள்ள ஏறிப் படம் எடுத்தனான். அறுந்த கம்பி, திகதி, நேரம்... எல்லாம் இருக்கு.

பிறெடி: எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லயே!

ரொஷேல்: நீங்க எனக்கு எல்லாம் சொன்னனீங்களா?

பிறெடி: ...தேத்தண்ணி ஆறுது. குடி.

ரொஷேல்: உப்புப் பிடிச்சிடும் எண்டு சொல்லி, விசாரணைக்காரர் பார்க்க முதல் பிளேனை அவசரமா லொறியில ஏத்தினாங்க. இரத்மலானை ஹாங்கருக்கு வந்து பார்த்தா கம்பி முழுசா இருக்கு. புதுக் கம்பி. மினுங்குது.

பிறெடி: ஹாங்கருக்குள்ள எத்தனையோ பேர் வந்து போவாங்க...

ரொஷேல்: அந்தக் கம்பி கட்டுற மெக்கானிக்மார் மூண்டே பேர். ஸாலிஹ், ஹியூபேட், நீங்க.

பிறெடி: ஹியூபேட்டை நான் அப்பவே சந்தேகப்பட்டனான்...

ரொஷேல்: ஹியூபேட்டுக்கு வலக்கைப் பழக்கம். ஸாலிஹுக்கும் அப்பிடித்தான். இந்தக் கம்பி மற்றப் பக்கமா முறுக்கியிருக்கு. அங்க பாருங்க, பல்கனியில நீங்க இடக்கையால கட்டின பூச்சட்டிக் கம்பியை. அதே முறுக்கு. ஏழு வருஷமா அதுக்குக் கீழ நிண்டுதான் உடுப்புக் காயப்போடுறன். கதையுங்க.

பிறெடி: எஞ்சினில இருந்து போற காத்துப் பைப் வெடிச்சிருக்கு. அதாலதான் பவர் போனது. போன கிழமை அதைச் செக் பண்ணி சைன் வச்சது நான். அவசரத்தில... சரியாப் பார்க்கேல்ல. டிரெக்டர் சொன்னார், ஒரு வீட்டில ஒரு லைசன்ஸாவது மிஞ்சட்டும் எண்டு.

ரொஷேல்: அதுக்கு என்டதைக் குடுத்திட்டீங்க.

பிறெடி: ஆறு மாசம்தானே எண்டு நினைச்சன்...

ரொஷேல்: ஆறு மாசமா? நான் சாகுமட்டும் பதறின பொம்பிளை! அதே பைப் மற்ற ரெண்டு பிளேனிலயும் இருக்கு. பிழை என்னில எண்டு முடிச்சா, அதை ஆர் கழட்டிப் பார்ப்பாங்க? நாளைக்கும் அதில சனம் ஏறும். எனக்குக் கோபம் வருது பிறெடி.

பிறெடி: படத்தைக் காட்டினா, கம்பி கட்டினது ஆர் எண்டு கேப்பாங்களே... என்ட பேரைச் சொல்லப்போறியா?

ரொஷேல்: காலமை நான் அந்தோனியாரிட்டப் போகேல்ல. விசாரணை ஒபிசுக்குப் போய்ப் படத்தைக் குடுத்திட்டு வந்தனான்.

பிறெடி: ரொஷேல்! பேர்... பேர் சொன்னியா?

ரொஷேல்: இல்ல. கட்டினவரே ரெண்டு மணிக்கு வந்து சொல்லுவார் எண்டு சொல்லிட்டு வந்தனான். இந்தாங்க சேர்ட். கையை நீட்டுங்க.