மூன்றடுக்குக் கண்ணாடி

கிபோங்: ...குறுக்க பேசாத ஓக்சுன். நடுவுல இருக்கிறது வெறும் காத்து இல்ல, ஆர்கான் வாயு. ஒரு கண்ணாடி, ஆர்கான், ஒரு கண்ணாடி, ஆர்கான், ஒரு கண்ணாடி. உள்ள இருக்கிற சூடு வெளிய போகணும்னு ஆசைப்பட்டாக்கூடப் போக முடியாது.

ஓக்சுன்: பாவம் அந்தச் சூடு.

தல்சூ: சார், நான் அளவை எடுத்துக்கட்டுமா...

கிபோங்: இருங்க. ஜன்னல் போடுற உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். நான் இவளுக்குச் சொல்றேன்.

ஓக்சுன்: இலையுதிர் காலத்துல இருந்து எனக்குத்தான் சொல்றாரு தம்பி. காலைல சூப்புல சோத்தைப் போட்டா ஆர்கான். பல் விளக்கப் போனா ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு. நகராட்சித் தண்ணிப் பிரிவுல காலம் பூரா குழாயைப் பாத்த மனுசன், ஓய்வு பெத்ததும் காத்தைப் பிடிச்சுக்கிட்டாரு.

கிபோங்: துணைப் பிரிவுத் தலைவர்.

ஓக்சுன்: பாத்தீங்களா. மக யேரின் கல்யாணப் பத்திரிகையிலயும் அதைப் போடணும்னு நின்னவரு.

தல்சூ: தெபெக் குளிருக்கு மூணு கண்ணாடி தப்பே இல்லம்மா. மலை மேல ஊரு, இது பதிமூணாவது மாடி வேற. காத்து வந்து அறையும்.

ஓக்சுன்: மூணு போடுங்க, முப்பது போடுங்க. எனக்கு ஒண்ணுதான். இந்தப் படுக்கையறை ஜன்னல் திறக்கணும்.

கிபோங்: திறக்காது.

ஓக்சுன்: திறக்கணும்.

கிபோங்: எழுதிக்குங்க தம்பி. படுக்கையறை, திறக்காத மூணடுக்குக் கண்ணாடி. திறக்கிற ஜன்னல்னா கீல் வேணும். கீல்னா இடுக்கு. இடுக்குன்னா ரப்பர். ரப்பர்னா வெடிப்பு. வெடிப்புன்னா...

ஓக்சுன்: வெடிப்புன்னா நகராட்சி. மனு எழுதிப் போடுங்க, சரிபண்ணித் தருவாங்க.

கிபோங்: நான் அறிவியல் பேசறேன், நீ கேலி பேசற.

ஓக்சுன்: அறிவியலா? தம்பி, இவரு பண்ண அறிவியலைக் கேளுங்க. ஊதுபத்தியைக் கொளுத்திக்கிட்டு ஜன்னல் ஜன்னலாப் போயி, புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தாரு. எதிர்வீட்டம்மா வந்து, இன்னிக்கு யாருக்கு நினைவுநாள்னு கேக்கிறா. படையலுக்குப் பழம் வாங்கிட்டு வரட்டுமாங்கிறா.

தல்சூ: ஊதுபத்தி நல்ல முறைதாம்மா, நாங்களும்...

கிபோங்: கேட்டியா?

ஓக்சுன்: இவ்வளவு அக்கறை இருக்கிறவரு தரையைச் சூடாக்குற அந்தப் பாய்லரை என்ன பண்ணுவாரு தெரியுமா? வீட்டுல ரெண்டு பேரும் இருக்கும்போதே, 'வீட்டில் ஆள் இல்லை'ங்கிற பக்கம் திருப்பி வைப்பாரு. தரை ஐஸா இருக்கும். போர்வைக்குள்ள உக்காந்துக்கிட்டு சூட்டைச் சேமிக்கிறதைப் பத்திப் பேசுவாரு. இல்லாத சூட்டை எதுக்குங்க மூணு கண்ணாடி போட்டுப் பிடிச்சு வைக்கணும்?

கிபோங்: அதுவும் இதுவும் வேற.

ஓக்சுன்: எனக்கு இந்த வயசுல உடம்பு கொதிக்குது. படுத்தா தலையில இருந்து கால் வரைக்கும் தீ வச்ச மாதிரி இருக்கு. ஜன்னலைத் திறந்து ரெண்டு நிமிஷம் நின்னாத்தான் அடங்குது.

கிபோங்: ஓக்சுன். வெளி ஆள் முன்னாடி...

ஓக்சுன்: வெளி ஆளுக்கும் அம்மா இருப்பாங்க. என்ன தம்பி?

தல்சூ: எங்கம்மா கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ள விட்டுக்குவாங்க.

கிபோங்: பாரு. அந்தம்மா ஜன்னல் இல்லாமயே சமாளிக்கிறாங்க.

ஓக்சுன்: அப்ப என்னையும் அந்த டப்பாவுல அமுக்கி, மேல கல்லை வச்சு, மூடி போட்டுருங்க. நல்லாப் புளிச்சதும் எடுத்துச் சாப்பிடுங்க. சந்தையில கடையை மூட வச்சீங்க, சரின்னேன். இப்ப ஜன்னலையும் மூடணும்.

கிபோங்: கடையை நீயாத்தான் மூடினே.

ஓக்சுன்: நானா? தம்பி, சந்தை நடுவுல என் தொடுகறிக் கடை. கீரை, முள்ளங்கி, பொரிச்ச நெத்திலி. விடிஞ்சா வாசல்ல ஆள் நிக்கும். இவரு ஓய்வு பெத்து வந்த அன்னிக்கு கேக் வெட்டிட்டு எழுந்து நின்னு பேசினாரு. வீட்டுக்குள்ள, எனக்கும் மகளுக்கும் முன்னாடி, எழுந்து நின்னு. "இன்று முதல் நான் ஓய்வு, என் மனைவிக்கும் ஓய்வு." மக கை தட்டினா. நான் தட்டல.

கிபோங்: நீ காலு வலின்னு அழுதே. அதுக்குத்தான் சொன்னேன்.

ஓக்சுன்: காலு வலிச்சுது. கடை வலிக்கல.

தல்சூ: நான் வேணும்னா சமையலறை ஜன்னலை முதல்ல அளந்துடறேன்...

ஓக்சுன்: அது திறக்குமா?

தல்சூ: அது... சார் திறக்கிறதுன்னுதான் சொல்லியிருக்காரு.

ஓக்சுன்: ஹால் ஜன்னல்?

தல்சூ: அதுவும் திறக்கிறதுதாம்மா.

ஓக்சுன்: அப்படியா. அங்கெல்லாம் கீல் இல்லையா? இடுக்கு இல்லையா? ரப்பர் வெடிக்காதா?

கிபோங்: சமையலறை பொது நடைபாதைப் பக்கம் திறக்குது. ஹாலுக்கு வெளிய பால்கனி இருக்கு. கம்பி போட்டு, கண்ணாடி போட்டு மூடியிருக்கு. அதெல்லாம் வேற கணக்கு.

ஓக்சுன்: என்ன கணக்கு?

கிபோங்: வெப்பக் கணக்கு. உனக்குப் புரியாது.

ஓக்சுன்: எனக்குப் புரியாதுன்னு சொல்லிச் சொல்லியே இந்த வீட்டுல எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல. தம்பி, இந்த அறைக்கு அளவு எடுத்தீங்கன்னா அந்த டேப்பை வாங்கி வெளிய எறிஞ்சுடுவேன்.

தல்சூ: அம்மா... கீழ இருந்து போன் வருது. என் வண்டி யாரையோ மறிச்சு நிக்குதாம். எடுத்து ஓரமா போட்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும்... வந்துடறேன்.

கிபோங்: பாத்தியா? மானத்தை வாங்கிட்டே. குடியிருப்போர் சங்கத்துல நாளைக்கு இதைத்தான் பேசுவாங்க.

ஓக்சுன்: சங்கம் இருக்கட்டும். ஹாலுக்கு வெளிய கம்பி. சமையலறைக்கு வெளிய நடைபாதை. ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே இல்லாதது இந்த அறை மட்டும்தான்.

கிபோங்: அதுக்கென்ன இப்ப?

ஓக்சுன்: யேரின் அப்பா. நீங்க குளிரைப் பத்தியா பேசறீங்க?

கிபோங்: வேற எதைப் பத்திப் பேசறேன்? ஆர்கான்...

ஓக்சுன்: இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொன்னீங்கன்னா நான் கத்துவேன்.

கிபோங்: இலையுதிர் காலத்துல, குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்டு முடிச்சோமே. அதுக்கு மறுநாள்.

ஓக்சுன்: மறுநாள் நீங்க மலையேறப் போயிட்டீங்க.

கிபோங்: போனேன். பாதியில திரும்பிட்டேன். முழங்கால் பட்டையை விட்டுட்டுப் போயிருந்தேன். கதவுப் பூட்டோட எண்ணை அழுத்தி உள்ள வந்தேன். இந்த அறைக் கதவு திறந்திருந்துச்சு. நீ ஸ்டூல் மேல நின்னே. ஜன்னல் முழுசாத் திறந்திருந்துச்சு. இடுப்பு வரைக்கும் நீ வெளிய இருந்தே.

ஓக்சுன்: கண்ணாடி தொடைச்சுக்கிட்டு இருந்தேன்.

கிபோங்: கையில துணி இல்ல.

ஓக்சுன்: துணி கீழ விழுந்துடுச்சு. எட்டிப் பாத்தேன்.

கிபோங்: சரி.

ஓக்சுன்: என்ன சரி? பாத்துட்டு என்ன பண்ணீங்க? கூப்பிட வேண்டியதுதானே? ஊருக்கெல்லாம் உரை நிகழ்த்துற வாய் எங்க போச்சு?

கிபோங்: கூப்பிட்டா திடுக்கிட்டுத் திரும்புவே. திரும்பினா... வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். என் வாழ்க்கையில நான் வாயை மூடினது அன்னிக்குத்தான். அப்படியே பின்பக்கமாவே நடந்து வெளிய போயி, கதவைச் சாத்தி, அழைப்பு மணியை அடிச்சேன்.

ஓக்சுன்: ...எண் தெரிஞ்ச மனுசன் எதுக்கு மணி அடிக்கிறான்னு திட்டினேன்.

கிபோங்: திட்டினே. கதவைத் திறந்து, 'விரல் மரத்துப் போச்சா'ன்னு கேட்டே. அவ்வளவு நிம்மதியா நான் திட்டு வாங்கினதே இல்ல.

ஓக்சுன்: அதுக்காக என்னைப் பூட்டி வைப்பீங்களா? பைத்தியக்காரியா நான்? அன்னையில இருந்து புத்தகம் படிச்சு, ஊதுபத்தி காட்டி, கடை கடையா ஏறி இறங்கி... ஒரு வார்த்தை கேக்கத் தெரியல. 'ஏண்டி அங்க நின்னே'ன்னு ஒரு வார்த்தை.

கிபோங்: கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா? அப்புறம் நான் என்ன பண்றது? குழாய் உடைஞ்சா எங்க அடைக்கணும்னு எனக்குத் தெரியும். இதுக்கு எனக்கு என்ன தெரியும்? ஜன்னல்னா கடையில கிடைக்குது.

ஓக்சுன்: கத்தாதீங்க.

கிபோங்: கத்துவேன். மலைக்குப் போறேன்னு சொல்லிட்டு தினமும் கீழ கார் நிறுத்துற இடத்துல நின்னு இந்த ஜன்னலை அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கேன். காவலாளி என்னைப் பாத்து, எதாவது தொலைஞ்சு போச்சாங்கன்னு கேக்கிறான்.

ஓக்சுன்: என்ன சொன்னீங்க?

கிபோங்: சூடு எந்த வழியாப் போகுதுன்னு பாக்கிறேன்னு சொன்னேன்.

ஓக்சுன்: அவன் நம்பினானா?

கிபோங்: துணைப் பிரிவுத் தலைவர் சொன்னா நம்பாம?

ஓக்சுன்: ...போதும். மூக்கைத் தொடைங்க. லிஃப்ட் சத்தம் கேக்குது.

தல்சூ: மன்னிக்கணும் சார், கீழ அந்த ஆளு விடமாட்டேன்னுட்டாரு. என்ன முடிவு பண்ணீங்க?

கிபோங்: திறக்கிறதே போடுங்க. அவ இஷ்டப்படி.

தல்சூ: நல்லது சார். அம்மா, இப்ப சந்தோஷம்தானே? முழுசாத் திறக்கிற மாதிரி வச்சுடவா?

ஓக்சுன்: வேணாம் தம்பி. கை மட்டும் வெளிய போனாப் போதும், அதுக்கு மேல திறக்காத மாதிரி ஒரு தடுப்பு வைங்க. சாவி போட்டுப் பூட்டுற தடுப்பா... சாவியை என்கிட்ட குடுக்காதீங்க, இவருகிட்ட குடுங்க.