இருபது வருஷம் காத்திருந்த நாய்

மருமகள்: ...அதான் அத்தை, நாய் சாகிற இடத்தை எடுத்துடணும்னு பதிப்பகத்துல சொல்றாங்க. படிக்கிற பிள்ளைங்க அழுமாம்.

மாமியார்: எந்த நாய்? உன் கிரேக்கக் கதையெல்லாம் நான் எங்கே கண்டேன்?

மருமகள்: போருக்குப் போன ராஜாவோட வேட்டை நாய். அவன் திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே கிடக்கும். பன்னிரண்டு மணிக்கு அச்சகத்து ஆள் வந்துடுவார். அந்தச் சிவப்புப் பேனாவைக் கொடுங்களேன்.

மாமியார்: பேனாவா? நான் பார்க்கலையே.

மருமகள்: உங்க கையிலதான் இருக்கு.

மாமியார்: ...இருக்கட்டும். அடிச்சுட்டு என்ன எழுதுவே?

மருமகள்: நாய் வாலாட்டுச்சு, ராஜா உள்ளே போனான்.

மாமியார்: அவ்வளவுதானா! பிச்சைக்காரன் வேஷத்துல வந்தவனைப் பெத்த பிள்ளைக்கே தெரியல. குரலைக் கேட்டே கண்டுபிடிச்ச ஜீவன் அது. எழுந்து ஓடிவரத் தெம்பில்லாம காதை மட்டும் தாழ்த்துது... அவனும் கிட்டப் போனா குட்டு வெளிப்பட்டுடும்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு...

மருமகள்: அத்தை...

மாமியார்: இருபது வருஷம்டி! போர் பத்து, கடல் பத்து. நீ அங்கே வெறும் பத்துன்னு போட்டிருக்கே. அதை முதல்ல திருத்து!

மருமகள்: கதையே கண்டதில்லைன்னீங்க?

மாமியார்: ...தூசி தட்டும்போது கண்ணுல பட்டுச்சு.

மருமகள்: நூத்தி நாப்பது பக்கமுமா?

மாமியார்: உன் மேசையில அவ்வளவு தூசி! சிரிக்காதே. ஆட்டு வயித்துக்கடியில தொங்கிக்கிட்டு அந்த ஒத்தைக்கண் அரக்கன்கிட்டேருந்து தப்பிக்கிறானே, அங்கே நான் அடுப்புல பாலையே மறந்துட்டேன்.

மருமகள்: அன்னைக்குப் பூனை தட்டிவிட்டுடுச்சுன்னு சொன்னீங்க!

மாமியார்: பூனை கிடக்குது, விடு. புகழ்ந்து பேச எனக்கு வாய் வராது. இருந்தாலும் சொல்றேன்... பிரமாதமா எழுதியிருக்கேடி. நாயில மட்டும் கை வைக்காதே.

மருமகள்: பிள்ளைங்க அழுதா?

மாமியார்: அழட்டுமே. நான் அழலையா? மூக்கைச் சிந்திட்டு அடுத்த பக்கத்தைத்தான் தேடினேன்.

மருமகள்: இதையே அவங்ககிட்டயும் சொல்றேன். நாய் இல்லேன்னா புத்தகமும் இல்லை. பேனாவைக் கொடுங்க, பத்தை இருபதாக்கணும்.

மாமியார்: இந்தா... கோபமா? உன்னைக் கேக்காம, நீ எப்ப வேலைக்குக் கிளம்புவேன்னு பார்த்திருந்து எடுத்துப் படிச்சுட்டேன்.

மருமகள்: கோபமா! தினமும் அடுத்த அத்தியாயத்தைப் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து, எங்கேயோ மறந்து வச்ச உங்க கண்ணாடியையும் தேடிப் பக்கத்துல வச்சுட்டுத்தானே அத்தை நான் வேலைக்கே கிளம்புறேன்.