பெல்ட் போட்ட பலாப்பழம்

...சட்டம், அபராதம்னு இவ்வளவு நேரம் பேசிட்டேன். பின்வரிசையில ரெண்டு பேரு தூங்கியே போயிட்டாங்க. அவங்களை எழுப்ப ஒரு குட்டிக் கதை சொல்றேன். தலைவரே, கடிகாரத்தைப் பார்க்காதீங்க… சின்னதுதான்.

பண்ருட்டியில தேவநாதன்னு ஒருத்தர். கார் பைத்தியம். நம்ம கார் சங்கத்து ஆளுங்க அளவுக்கு இல்ல… கொஞ்சம் கம்மி. காலையில டீக்கடையில உட்கார்ந்தாருன்னா, எந்தக் கம்பெனி எந்த மாசம் எந்த மாடலை இறக்குது, டீசல் வண்டிக்கு என்ன சட்டம் வருது, எல்லாத்தையும் சொல்லுவாரு. கேக்குறவன் டீ ஆறிப்போயிடும்.

அவரே ஒரு வண்டி வாங்கினாரு. எதைப் பார்த்து வாங்கினாரு? பாதுகாப்பைப் பார்த்து. அஞ்சு ஸ்டார். ஆறு ஏர்பேக். வாங்கின மறுநாளே என்ன பண்ணாரு தெரியுமா? கடைக்குப் போயி ஒரு கிளிப் வாங்கினாரு. பெல்ட் போடலைன்னா வண்டி டிங்… டிங்னு கத்தும் இல்லையா? அந்தக் கிளிப்பை பெல்ட் மாட்டுற இடத்துல சொருகிட்டா வண்டி வாயை மூடிக்கும். டிரைவர் சீட்டுக்கு மட்டும் ஒண்ணு வாங்கினாரு. பக்கத்து சீட்டுக்கு வாங்கலை. ஏன்? அங்க உட்கார ஆளே கிடையாது… கல்யாணம் ஆகலை.

அப்புறம் பொண்ணு அமைஞ்சுது. நெய்வேலி. பேரு பூங்கோதை. ஆஸ்பத்திரியில விபத்து வார்டுல நர்ஸ். இவரு ஃபோன் பண்ணுறாரு. "நம்ம வண்டியில ஆறு ஏர்பேக்குங்க." அந்தப் பொண்ணு, "அப்படிங்களா." மறுநாளும் ஃபோன். "முன்னாடி ரெண்டு, பக்கத்துல ரெண்டு, மேல ரெண்டுங்க." "சரிங்க." நாலு நாளா இதே பேச்சு. பாவம் அந்தப் பொண்ணு.

நிச்சயதார்த்தத்தன்னைக்கு வீட்டு ஆளுங்க எல்லாம் வேன்ல முன்னாடி போயிட்டாங்க. இவரு தனியா கார்ல கிளம்புறாரு. பொண்ணு வீட்டுக்குப் பண்ருட்டிக்காரன் என்ன கொண்டுபோவான்? பலாப்பழம். பன்னிரண்டு கிலோ. தூக்கிப் பக்கத்து சீட்டுல வச்சாரு. வச்சதும் வண்டி… டிங், டிங், டிங். அதுக்கு எப்படித் தெரியும் இது பழம்னு? ஆளு உட்கார்ந்திருக்குன்னு நினைச்சிடுச்சு. இவரு யோசிச்சாரு. கிளிப் ஒண்ணுதான் இருக்கு. வேற வழியில்லாம பழத்துக்கு பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாரு. வண்டி அமைதியாயிடுச்சு.

அவரு பெல்ட் போட்டாரா? எப்படிப் போடுவாரு… பட்டுச்சட்டை கசங்கிடாதா?

வழியில போலீஸ் நிறுத்துனாரு. குனிஞ்சு உள்ளே பார்த்தாரு. இந்தப் பக்கம் பார்த்தாரு… அந்தப் பக்கம் பார்த்தாரு.

"ஏன் சார், பக்கத்துல இருக்கிறவரு பெல்ட் போட்டிருக்காரு. நீங்க ஏன் போடலை?"

"சார், அது பலாப்பழம்."

"தெரியுது. அதுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையேன்னுதான் கேக்குறேன்."

ரசீதை வாங்கிக்கிட்டுக் கிளம்பினாரு. அப்பவாவது போட்டாரா? போடலை. நெய்வேலி நெருங்கும்போது குறுக்கே ஒரு நாய். அடிச்சாரு பாருங்க பிரேக்கு… ஸ்டியரிங்குல போய் மடேர்னு நெத்தி. வண்டி எதுலயும் மோதலை, அதனால ஆறு ஏர்பேக்குல ஒண்ணுகூட விரியலை. பலாப்பழம்? அசையலை. சும்மா ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கு.

பொண்ணு வீட்டுல இறங்குறாரு. பட்டுச்சட்டை கசங்கலை. நெத்தியில மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். பந்தல்ல எல்லாரும் பதறுறாங்க. பூங்கோதை மட்டும் பதறலை. நர்ஸ் இல்லையா… கிட்ட வந்து வீக்கத்தை அழுத்திப் பார்த்துச்சு.

"எதுல இடிச்சீங்க?"

"ஸ்டியரிங்குல."

"பெல்ட் போடலையா?"

"சட்டை கசங்கும்னு…"

"பழத்துல ஒரு கீறல்கூட இல்லையே?"

இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அதுக்கு பெல்ட் போட்டிருந்தேங்க."

மேளக்காரர்கூட அடிக்கிறதை நிறுத்திட்டாரு. பூங்கோதை அப்பாகிட்ட திரும்பிச்சு.

"அப்பா, தட்டு மாத்தாதீங்க. வாரத்துக்கு நாலு பேரு இப்படி எங்க வார்டுக்கு வர்றாங்க. உள்ளே அவங்களை நான் பார்த்துக்கிறேன். வெளியில ஒரு பெஞ்சு இருக்கு. அங்க அவங்க பொண்டாட்டிங்க உட்கார்ந்திருப்பாங்க. எனக்கு அந்தப் பெஞ்சுல உட்கார இஷ்டம் இல்லப்பா."

அவ்வளவுதான் சொல்லிச்சு. தேவநாதனுக்கு முகம் செத்துப்போச்சு. நாலு நாளா ஆறு ஏர்பேக் கதை கேட்ட பொண்ணு… ஒரே ஒரு பெஞ்சைக் காட்டி அடக்கிடுச்சு. விறுவிறுன்னு வெளியில போனாரு. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாருன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. கார் கதவைத் திறந்தாரு. கிளிப்பைப் பிடுங்கினாரு. திரும்பி வந்து, வெத்தலை பாக்கு தேங்காய் நடுவுல, அந்தத் தட்டுலேயே வச்சாரு.

பூங்கோதை தட்டைப் பார்த்துச்சு. "இப்ப மாத்துங்கப்பா"ன்னுச்சு.

கதை முடிஞ்சுது. சிரிச்சீங்க, சந்தோஷம். இப்ப நான் உங்களைக் கேக்குறேன்.

எத்தனை ஸ்டாருன்னு சண்டை போடுறோம். சட்டம் சரியில்லை, ரோடு சரியில்லைன்னு மணிக்கணக்காப் பேசுறோம். நம்ம உயிருக்காக ஒரு மணி அடிச்சா, அதோட வாயை மட்டும் அடைச்சிடுறோம். அந்த மணி யாருக்காக அடிக்குது? உங்களுக்காக மட்டுமா? அந்தப் பெஞ்சுல உட்காரப் போறவங்களுக்காகவும்தானே… அவங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?

உள்ளே வரும்போது வாசல்ல உங்க வண்டிங்களை எல்லாம் சுத்திப் பார்த்துட்டுத்தான் வந்தேன். முப்பத்திரண்டு வண்டி நிக்குது. கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன்… பதினோரு வண்டியில கிளிப் இருக்கு. ஒரு வண்டி நம்ம தலைவரோடது. இப்பத் தெரியுதா தலைவரே, உங்களை ஏன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்னு சொன்னேன்னு?

எனக்குப் பொன்னாடை கொண்டுவந்த தட்டு மேடையில காலியா இருக்கு. பொன்னாடை எனக்கு வேண்டாம், எடுத்துக்கோங்க. சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தத் தட்டுல பதினோரு கிளிப்பும் விழணும். நான் இங்கயேதான் நிப்பேன்.