கல்லுக்கு இந்தப் பக்கம் இரண்டு முழம்

என் பெயரையும் கதவு எண்ணையும் போலீஸ் ஏட்டம்மா மேலே எழுதிக்கொண்டார். வயது எழுபத்திரண்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் அனுப்பாதது யார் என்பது நினைவிருக்கிறது, அது இந்த வழக்கில் இல்லை. இளைய மகனோடு மூலை வீட்டில் குடியிருக்கிறேன். பீப்பாய் என்கிற ஆறு வயது ஆண் நாய் எங்களுடையது.

கடிபட்டவர் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தெருவில் அவரை ஸ்டியரிங் என்பார்கள். அவரோடு எனக்குப் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் கேட்டதால் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்த அன்று, ஆம்புலன்ஸுக்குக் குறுக்கே நின்ற தன் வண்டியை எடுக்கச் சொன்னதற்கு, "சட்டையப் போட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனவர் பதினான்கு நிமிடம் கழித்து வந்தார். நீலத்தில் கோடு போட்ட சட்டை. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசல்வரைதான் இருந்தார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே சாக்கடைக் குழாய் போவதால் சுவர் எழுப்பவோ வேலி நடவோ அனுமதி இல்லை. வெள்ளையடித்த மூன்று கல்தான் எல்லை. போன மாதம் பீப்பாய் அந்தப் பக்கம் போய் ஸ்டியரிங்கின் துணி வாளியை உருட்டிவிட்டது. அவர் புகார் கொடுக்க, இன்னொரு தடவை கல்லைத் தாண்டினால் நாயைப் பிடித்துப் போவோம் என்று நகராட்சியிலிருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு மகன் என்னைக் கூட்டிக்கொண்டு, நாய்க்குக் கண்ணுக்குத் தெரியாத வேலி விற்கும் கடைக்குப் போனான். கடைக்காரப் பெண் இரண்டு வகை காட்டினாள். ஒன்று, வீட்டுக்குள் வைத்தால் தன்னைச் சுற்றி வட்டம் கட்டும் பெட்டி. இன்னொன்று, பெட்டியிலிருந்து கம்பி இழுத்து மண்ணுக்கடியில் புதைப்பது. நாய் கிட்டே போனால் கழுத்துப் பட்டை முதலில் கீச்சென்னும், மேலும் போனால் சுள்ளென்று இழுக்கும். மகனுக்கு வட்டம்தான் பிடித்தது, தோண்ட வேண்டாம் அல்லவா. எங்கள் மனை தீப்பெட்டி மாதிரி நீளம், வட்டம் போட்டால் அது ஸ்டியரிங் வீட்டுக்குள் போகும் என்று நான் சொன்னேன். "பாட்டி கணக்குல புலி" என்றாள் அந்தப் பெண். கம்பியையே எடுத்தோம்.

கல்லை ஒட்டிப் புதைக்கலாம் என்றான் மகன். எங்கள் கம்பி அந்த ஆள் மண்ணில் விரற்கடைகூடப் படக்கூடாது என்று, கல்லுக்கு இந்தப் பக்கம் இரண்டு முழம் தள்ளி என் கையாலேயே அளந்து கோடு கிழித்தேன். "உங்க வீம்புக்கு நம்ம இடம்தான்மா போகுது" என்றான். போகட்டும் என்றேன்.

அதன் பிறகு கோட்டின்மேல் இருபத்தாறு சின்னக் கொடி நட்டு, மகன் இரண்டு வாரம் பீப்பாயைக் கயிற்றில் பிடித்துப் பழக்கினான். நாய்க்கு மாட்டுவதற்கு முன்னால் பட்டையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். சுள்ளென்று முழங்கை வரை ஏறியது. யாரிடமும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் கொடிகளைப் பிடுங்கினோம். அன்றிலிருந்து மகன் வேலைக்குப் போனதும் பெட்டியின் பிளக்கை நான் பிடுங்கி வைத்தேன், அவன் திரும்புமுன் மாட்டினேன். இப்படி ஒன்பது நாள். இந்த வாக்குமூலத்தில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்லும்படி மகன் கெஞ்சினான், இல்லாவிட்டால் பீப்பாயைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றான். ஓடவில்லை. ஆனாலும் பீப்பாய் தாண்டவில்லை. பூனை ஓடியபோது துரத்திப் போய்ப் புல்லில் நகம் கீறி நின்றது. கொடியும் இல்லை, கம்பியில் உயிரும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து வந்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது.

ஒன்பதாம் நாள் காலை பத்தேகாலுக்கு ஸ்டியரிங்கின் சட்டை காற்றில் பறந்து எங்கள் படிக்கட்டருகே விழுந்தது. அதே சட்டை. எடுக்க வந்தவரைப் பீப்பாய் கெண்டைக்காலில் கடித்தது. கடித்ததை மறுக்கவில்லை. அவரோ தன் துணி காயப்போடும் கொடிக்கயிற்றடியில் நின்றபோது நாய் தாண்டி வந்து கடித்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் விட்டு ஓடிய இடதுகால் செருப்பு படியோரம் கிடந்தது. யாரும் நகர்த்தக்கூடாது என்று அதன்மேல் வாளியைக் கவிழ்த்து, வாளிமேல் செங்கல் வைத்தேன்.

இன்று காலை ஏட்டம்மா வந்து வாளியைத் தூக்கிப் பார்த்தார். "நாயே கவ்விட்டு வந்திருக்கலாமே பாட்டி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் ஏட்டம்மா பார்க்கப் பிளக்கைப் பிடுங்கினேன், பட்டையைக் கழற்றினேன், அவித்த முட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லைத் தாண்டி ஸ்டியரிங்கின் கொடிக்கயிற்றடியில் போய் நின்று பீப்பாயைக் கூப்பிட்டேன். பதினோரு வருடத்தில் அந்த மண்ணை அப்போதுதான் மிதித்தேன்.

பீப்பாய் குதித்து வந்தது. கல்லுக்கு இரண்டு முழம் இருக்கும்போது நின்றது. ஏட்டம்மா குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். வாலை ஆட்டியது, உடம்பு நடுங்கியது, என்னையே பார்த்து முனகியது, காலை மட்டும் எடுத்து வைக்கவில்லை. என் சொல்லைக் கேட்டு இந்த வீட்டில் யாரும் நின்றதில்லை. யாருமே சொல்லாமல் அது நின்றது. எனக்குத் தாங்கவில்லை, நானே கோட்டைத் தாண்டிப் போய் ஊட்டினேன்.

ஸ்டியரிங் தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "அது எப்படிம்மா நிக்குது?" என்று என்னிடம் கேட்டார். அதன் பிறகு ஏட்டம்மாவிடம், சட்டை எங்கள் பக்கம் விழுந்ததாகத் தாமே சொன்னார்.

நாயைக் கொண்டுபோகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கியதற்குத் தண்டனை உண்டென்றால் அது என்னுடையது.

எழுதியதை ஏட்டம்மா நிதானமாக வாசித்துக் காட்டினார். "சுமார் பதினான்கு நிமிடம்" என்று இருந்ததில் சுமாரை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது. மை டப்பா வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

(கையெழுத்து)